உதவாக்கரைச் சாமி

அந்தத் தெருக்காரர்கள் தங்கள் சாமியைத் திட்டியே வைத்திருந்தார்கள். குழாயடி மாடத்தில் முழங்கை உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் அந்தக் கல்லைப் பார்த்து, "உதவாக்கரை, இன்னிக்காவது ஒரு வேலையப் பாரேன்" என்று நாலு வார்த்தை விட்டுவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவார்கள். பக்திக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். நல்ல சாமி என்று பெயர் வந்துவிட்டால் மேல்கோயிலுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் படி ஏற்றிவிடுவார்கள். தெருச் சாமி ஊர்ச் சாமியாகி, அப்புறம் பொற்படிச் சாமியாகி, கடைசியில் குருமார்கள் மட்டும் பார்க்கிற சாமியாகிவிடும். ஏறிய சாமி எதுவும் இறங்கியதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி, வரம் கொடுத்த சாமியையே தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

இதெல்லாம் தையற்காரிக்குத் தெரியாததல்ல. மற்ற எல்லோரையும்விட அவள்தான் வாயைக் கட்டியிருக்க வேண்டியவள். அவள் கணவர் கண்ணாடி ஊதுபவர். உலைமுன் நின்று ஊதி ஊதி நெஞ்சு கெட்டுப்போய், கட்டிலிலிருந்து வாசல்வரை நடப்பதே அவருக்குப் பெரிய பயணமாகிவிட்டது. வைத்தியர்கள் கைவிட்டபின், தினமும் விடிந்ததும் சாமிதான் மாடத்தைவிட்டு இறங்கி வந்து அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தது. ஒரு நாள் வராவிட்டாலும் சாயங்காலத்துக்குள் மூச்சு இறுகிவிடும்.

"வந்துட்டியா, தண்டம்?" என்பாள் தையற்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வந்துட்டேன்மா" என்று சாமி சிரிக்கும்.

அன்றைக்கு அவள் கடையில் மேல்கோயில் படிக்காரர் உட்கார்ந்திருந்தார். எந்தச் சாமி எந்தப் படி என்று முடிவு செய்கிறவர். வேறு வேலையாகப் போகும் வழியில் அங்கியின் ஓரம் கிழிந்து, தைத்துக்கொள்ள வந்தவர். அவள் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்கட்டிலிருந்து கணவர் வந்தார். யார் கையையும் பிடிக்காமல் வந்தார். கையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். ஊதிய காற்றோடு அதன் வாயை உருக்கி மூடியிருந்தார்.

"நானே ஊதினேன்டி. ஒரே மூச்சு."

அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும். தையற்காரி ஊசியை விட்டெறிந்து குழாயடியைப் பார்த்துக் கைகூப்பி, "என் சாமி! என் குலத்தையே காப்பாத்திட்டியே! உன்ன மாதிரி உண்டா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். குழாயடியில் ஒரு குடம் விழும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"எந்தச் சாமிம்மா?" என்றார் படிக்காரர், மிகவும் அன்பாக.

சாமியை ஏற்றிப்போகப் பல்லக்கு வந்த காலையில் அவள் படிக்காரர் காலைப் பிடித்தாள். "ஐயா, வாய் தவறிச் சொல்லிட்டேன். அது ஒண்ணுக்கும் ஆகாத கல்லுங்க."

தெருவே சேர்ந்துகொண்டது. தண்டம், கல்லு, சோம்பேறி, உதவாக்கரை என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். திட்டத் திட்ட எல்லோருக்கும் அழுகைதான் வந்தது. படிக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவரில்லை, அதுதான் கஷ்டம்.

"எல்லாத் தெருவுலயும் இப்படித்தாம்மா திட்டுறாங்க. இவ்வளவு பாசத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல. இதுக்காகவே ரெண்டு படி சேர்த்து ஏத்தலாம்."

தையற்காரி பல்லக்குத் திரைக்குள் முகத்தை நுழைத்தாள். "நீ மாட்டேன்னு சொல்லேன். நீ சாமிதானே?"

"சாமிக்கு மேல சாமி இருக்கும்மா" என்றது அது. "நீ அழுறதுக்கு நான் இருந்தேன். நான் யாருகிட்டப் போய் அழ?"

"தினம் ஒரு தடவை இறங்கி வந்துட்டுப் போயிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"மேல பொன்னுல கவசம் பூட்டிருவாங்க. கை அசையாது." சாமி அவள் தலையை ஒருமுறை தொட்டது. "என் இடத்துக்குப் புதுசா ஒருத்தன் வருவான். நல்ல பிள்ளை. தெருப் பழக்கமெல்லாம் அவனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

பல்லக்கைத் தூக்கினார்கள். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. கூடவே கொஞ்ச தூரம் ஓடினாள்.

அடுத்த நாள் விடிந்ததும் புதுச்சாமி வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறாத வழவழப்பான கல். மரியாதையாக வாசலிலேயே நின்று, கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தது. கணவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தது. கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தது. பிறகு வயிற்றில். பிறகு மறுபடியும் நெஞ்சில்.

"இதமாத்தான் இருக்கு" என்றார் கணவர். யார் மனத்தையும் நோகவிடாத மனிதர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

சாயங்காலம் அவர் உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல், தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காற்றை இழுத்தார். அலமாரியில் அந்தக் கண்ணாடிக் குமிழ் இருந்தது. அதற்குள் அவருடைய ஒரு முழு மூச்சு சும்மா கிடந்தது. அதை எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்றுகூட அவள் நினைத்தாள். பைத்தியக்கார நினைப்புதான். ஆனால் வேறு எதுவும் மிச்சமில்லை.

அவள் குழாயடிக்குப் போனாள். மாடத்துக்கு நேராக நின்று, வாழ்நாளில் முதல்முறையாக மனதாரச் சொன்னாள்:

"உதவாக்கரை. நீ எதுக்கு இருக்க? எதுக்குத்தான் வந்த?"

புதுச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பெரியவர் சொல்லிட்டுத்தான் போனாரு, இந்தத் தெருவுல பிரியம் வந்தா இப்படித்தான் பேசுவாங்கன்னு" என்றது, குரல் தழுதழுக்க. "முதல் நாளே சொல்லுவீங்கன்னு நான் எதிர்பார்க்கலம்மா."

அவள் வாயைத் திறந்தாள். நிஜமாகத் திட்ட அந்தத் தெருவில் வேறு வார்த்தை இருக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து அவர் காற்றை இழுக்கும் சத்தம் தெருவரை கேட்டது.