கட்டை ஏன் தெறித்தது

நல்லூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் சண்முகப்பிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் மரம் அறுக்க வேண்டும். வாரம் முழுக்க வெளிநாட்டு பையருக்கு மெயில், சாம்பிள், ஷிப்மெண்ட் என்று ஓடிய தலைக்குள் மரத்தூள் வாசம் ஏறினால்தான் அவளுக்கு ஆசுவாசம். மேசை நடுவே வட்ட ரம்பம் சுழலும் பழைய டேபிள் சா ஒன்றை யாரிடமோ வாங்கி வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் போட்டு, யூடியூப் பார்த்தே ஸ்டூல், அலமாரி என்று செய்யப் பழகியிருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அது நடந்தது. நீளப் பலகை ஒன்றை நெடுக்காக அறுத்துக்கொண்டிருந்தாள். பாதி தாண்டியிருக்கும். பலகை திடீரென்று துள்ளி, அவள் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் பறந்தது. அந்த நேரம் பார்த்துக் காபியோடு வந்த மாமியார் கமலாம்பாளின் முன்கையில் போய் அடித்தது. எலும்பில் விரிசல். மாவுக்கட்டு.

கமலாம்பாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கணவன் நிதிஷும் கத்தவில்லை. "மெஷினை வித்துரலாம் பிரியா" என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. கை நழுவியதா, கவனம் சிதறியதா, எப்படி யோசித்தாலும் தான் செய்த தப்பு எது என்று பிடிபடவில்லை. சமையலறையில் மிக்ஸி ஓடினால்கூட உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

கட்டுப் பிரித்த பிறகு கோவையில் மரவேலை இயந்திரக் கண்காட்சி வந்தது. பழைய மெஷின் எடுக்கும் வியாபாரிகள் அங்கே இருப்பார்கள் என்று கேள்விப்பட்டு, விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று கிளம்பினாள். "நானும் வாரேன் கண்ணு. ஊட்லயே உக்காந்து கால் மரத்துப் போச்சு" என்று கமலாம்பாளும் பஸ் ஏறிவிட்டார்.

வாசலில் பதிவு செய்த பெண், எந்த கம்பெனி என்று கேட்டாள். "சும்மா, பொழுதுபோக்குக்குங்க" என்றபோது சண்முகப்பிரியாவின் குரல் உள்ளே போய்விட்டது. உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெரிய பெரிய இயந்திரங்கள். "ஃபேக்டரி எங்கீங்க மேடம்?" என்று ஆரம்பித்தவர்கள், ஃபேக்டரி இல்லை என்றதும் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். "போலாங்க அத்தை" என்று அவள் திரும்பிப் பார்த்தால், கமலாம்பாள் ஒரு சின்ன ஸ்டாலில் நின்றுகொண்டிருந்தார். அங்கே லிங்கசாமி என்பவர் டேபிள் சாவில் பலகை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த மாதிரி மெஷின்லதான் கட்டை தெறிச்சு என்ற கையில அடிச்சுது. இதுல தெறிக்காதுங்களா?"

சண்முகப்பிரியாவுக்கு முகம் எரிந்தது. ஆனால் லிங்கசாமி சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்தினார்.

"நெடுக்கால அறுத்தீங்களா? பாதி தாண்டித் தெறிச்சுதுங்களா?"

"ஆமாங்க" என்றாள் அவள். நேரில் பார்த்தவர் போலக் கேட்கிறாரே!

"மரத்துக்குள்ள இழுப்பு இருக்குங்க. அறுக்க அறுக்க சில கட்டை விரியும், சிலது மூடிக்கும். மூடிச்சுன்னா பிளேடோட பின்பக்கத்தைக் கவ்வீரும். பின்பக்கப் பல்லு கீழிருந்து மேல வருது பாருங்க, அது கட்டையைத் தூக்கி நம்ம பக்கமே வீசீரும்." பிளேடுக்குப் பின்னால் மீன் துடுப்புப் போல நின்ற மெல்லிய எஃகுத் தகட்டைத் தொட்டுக் காட்டினார். "அதைத் தடுக்கத்தான் இது. ரிவிங் நைஃப்னு சொல்லுவோம். அறுத்த இடம் மூடாம நடுவுல நிக்கும்."

"எங்க மெஷின்ல இப்படி ஒண்ணுமே இல்லீங்களே!"

விற்பதற்காக அவள் செல்போனில் எடுத்து வைத்திருந்த மெஷின் படத்தை அவர் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தா, போல்ட் ஓட்டை இருக்குதுங்க. முன்னால வெச்சிருந்தவங்க எதுக்கோ கழட்டீட்டு மாட்டாமயே குடுத்திருக்காங்க."

"அப்ப... என்ற கை நழுவலீங்களா?" என்றாள் சண்முகப்பிரியா.

"அந்த இழுப்புக்கு யார் கையும் நிக்காதுங்க. என்ற கையும் நிக்காது. ஆனா ஒண்ணு, பிளேடுக்கு நேர்கோட்டுல நீங்களும் நிக்காதீங்க, மத்தவங்களையும் விடாதீங்க."

சண்முகப்பிரியா அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது.

"பல்லடத்துத் தறிக்குடோன்ல நான் வேலை பாக்கறப்ப, நூலை இழுத்துட்டு ஓடற நாடாக்கட்டை தெறிக்காததா கண்ணு? இதுக்கா இத்தனை நாளா சோறு எறங்காம இருந்தே?" என்று கமலாம்பாள் அவள் முதுகைத் தடவினார்.

எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறாள். அவளுடைய மெஷினின் படத்தை வாங்கிப் பார்த்து, இங்கேதான் கோளாறு என்று எந்த வீடியோவும் சொன்னதில்லை. லிங்கசாமி அவளையே ஒரு பலகையைத் தள்ளச் சொன்னார். முதல் பலகையை மெதுவாகத் தள்ளினாள், இரண்டாவதை ஒரே சீராகத் தள்ளி முடித்தாள். அவர் கைகாட்டிய உதிரிபாகக் கடையில் அவள் மெஷினுக்குப் பொருந்தும் தகடும் கிடைத்தது. வியாபாரிகளை அவள் தேடவே இல்லை.

அடுத்த ஞாயிறு, நிதிஷ் பக்கவாட்டில் நிற்க, பலகையைத் தள்ளினாள். பாதி தாண்டியதும் சத்தம் மாறியது. அறுத்த இடம் மூடிக்கொண்டு வந்து தகட்டைக் கவ்வியது. பலகை அப்படியே நின்றது, துள்ளவில்லை. மெஷினை நிறுத்தி, பிளவில் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டு, மிச்சத்தையும் அறுத்து முடித்தாள்.

"அவ்வளவுதானா?" என்றான் நிதிஷ்.

"அவ்வளவுதான்" என்றாள். சிரிப்பு வந்தது.

சமையலறை ஜன்னலிலிருந்து கமலாம்பாளின் குரல் கேட்டது. "கண்ணு, முடிஞ்சுதுன்னா என்ற கட்டிலுக்கடியில தள்ற மாதிரி ஒரு பெட்டி வேணும். அளவு எடுக்க எப்ப வார?"