சுவரில் உட்கார்ந்தவள்

1954ஆம் ஆண்டு ஈஸ்டர் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, ராடாட்ஸ் பீர் ஆலையின் தெற்குச் சுவரில் வரையப்பட்டிருந்த பெண் உட்கார்ந்தாள். கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்ததும் இடது காலின் செருப்பைக் கழற்றி விரல்களை மடக்கி நீட்டினாள். அன்று ஏரியிலிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்ததால் நின்று பார்த்தவர்கள் அதிகமில்லை. பார்த்தவர்களும் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று நடையைக் கட்டினார்கள்.

அந்தச் சுவர் மூன்று மாடி உயரம். பீர் என்பது மதுக்கடை ஆண்களுக்கு மட்டுமல்ல, குடும்பத்தோடு வீட்டில் அருந்துவது என்று எல்லா ஆலைகளும் விளம்பரம் செய்த காலம் அது. ராடாட்ஸ் முதலாளியும் தன் பங்குக்கு ஒரு வீட்டுக் கூடத்தை வரையச் சொல்லியிருந்தார். சாய்வு நாற்காலியில் கணவன், வாயில் புகைக்குழாய். அருகில் மஞ்சள் கவுனும் வெள்ளை ஏப்ரனுமாக மனைவி, தட்டில் நுரை ததும்பும் ஒரே ஒரு கண்ணாடிக் குவளை. மேலே, ‘வீடு வந்தால் ராடாட்ஸ்’ என்று சிவப்பு எழுத்து. வரைந்தவர் ஓட்டோ லெம்கே. அந்த மூலை வெறுமையாக இருக்கிறதே என்றுதான் இரண்டாவது நாற்காலியைப் போட்டார். யாரும் அதில் உட்காருவார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

மனைவியின் முகமும் உடம்பும் ஐரீன் நோவிட்ஸ்கியுடையவை. அவள் ஆலையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுபவள். தட்டை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறாள் என்று ஓட்டோ அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். நிற்பது அவளுக்குப் பழக்கம். பகலெல்லாம் ஆலையில் நின்றாள். மாலையில் கணவன் காசிமிரும் அவன் தம்பிகள் இருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே நின்றாள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலக் கயிறுபோலப் புடைத்திருந்ததால் கோடையிலும் கனத்த காலுறை போட்டுக்கொண்டாள்.

காசிமிர் அதே ஆலையில் பீப்பாய் வண்டி ஓட்டினான். கெட்டவனில்லை. நன்றாகச் சிரிப்பான், தேவாலயத்தில் நன்றாகப் பாடுவான். ஆனால் அந்த வாரம் எந்த மதுக்கடையில் பீப்பாய் இறக்கினாலும் அவனுக்குக் கேலி காத்திருந்தது. “என்னப்பா, உன் பொண்டாட்டி வேலை நேரத்துல உக்காந்துட்டாளாமே? ஊருக்கே பீர் நீதான் ஊத்தணுமா இனிமே?” என்றார்கள். அவன் காது சிவக்க வீட்டுக்கு வந்தான்.

“நீ அவகிட்ட ஏதாவது சொன்னியா?”

“நான் என்னத்தச் சொல்ல? அவ சுவத்துல இருக்கா, நான் இங்க இருக்கேன்.”

“பின்ன ஏன் உக்காந்தா?”

“கால் வலிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு ஐரீன் அவன் தட்டில் இன்னொரு துண்டு சாஸேஜ் வைத்தாள். காசிமிர் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் காலையும் பார்க்கவில்லை.

முதலாளி ஓட்டோவைக் கூப்பிட்டு, அவளை மறுபடி நிற்கவைத்து வரையச் சொன்னார். ஓட்டோ கயிற்றுப் பலகையில் ஏறி வரைந்தார். பெயிண்ட் காய்வதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டதால் மஞ்சள் கவுன் முழுக்கக் கறையானது. அடுத்த வாரம் அந்த நாற்காலியையே அழிக்கச் சொன்னார் முதலாளி. அழித்தார்கள். அன்று பிற்பகல், வாயில் குழாயோடு மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்த கணவன் எழுந்து சாய்வு நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவனுக்குத் தட்டு பிடிக்கத் தெரியவில்லை. முதல் நாளே நுரையில் பாதி கம்பளத்தில் சிந்தியது. ஆண்கள் இதைப் பார்க்கப் பிடிக்காமல் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போனார்கள். பெண்கள் பால் வாங்கப் போகும்போதுகூடச் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகவே போனார்கள்.

அந்தக் கோடையில் ராடாட்ஸ் விற்பனை இறங்கியது. முதலாளி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். சாயல் ஐரீனுடையது என்றால், ஐரீன் நின்றால் அவளும் நிற்பாள். ஐரீன் அந்தச் சுவருக்கு எதிரே, தட்டோடு, ஓட்டோ வரைந்து முடிக்கும்வரை நிற்கவேண்டும். மாட்டேனென்றால் ஆலையில் வேலை இல்லை. இதை அவர் காசிமிரிடமே சொல்லியனுப்பினார். காசிமிர் அதை வீட்டில் சொன்னபோது ஐரீன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். “சரி, நிக்கறேன்” என்றாள்.

ஜூலை மாதம். ஏரிக்காற்றுகூட இல்லாத நாள். பீப்பாய் ஏற்றும் மேடையில் மஞ்சள் கவுனும் ஏப்ரனுமாக ஐரீன் நின்றாள். கனத்த காலுறை படத்துக்குப் பொருந்தாது என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஆலைக்காரர்கள், மதுக்கடைக்காரர்கள், தெருப் பெண்கள் என்று கூட்டம் கூடியது. பலகையில் ஓட்டோ தூரிகையை நனைத்துக்கொண்டு காத்திருந்தார். நேரம் போகப் போக ஐரீனின் கால்கள் வீங்கின. தட்டு மட்டும் ஆடவில்லை. சுவரிலிருந்தவள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள்.

முதலாளி கைதட்டினார். “பாத்தீங்களா! நான் சொல்லல?” என்றார்.

ஆனால் அவள் நிற்பதற்காக எழவில்லை. அவளும் அவள் கணவனுமாகச் சாய்வு நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, கம்பளத்தைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, ஐரீனை நோக்கிச் சுவரின் விளிம்புவரை கொண்டுவந்தார்கள். அங்கே செங்கல் முடிந்துவிட்டது. அதற்குமேல் அவர்களால் வர முடியவில்லை. சுவரிலிருந்தவள் வெறுங்கையோடு நின்று கூட்டத்தைப் பார்த்தாள். யாரையோ தேடினாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற காசிமிரைக் கண்டதும் பார்வை அங்கேயே நின்றது.

காசிமிர் வண்டியின் பின்பக்கம் போனான். பிறகு ஒரு காலிப் பீப்பாயை மேடைமேல் உருட்டி ஏற்றி, ஐரீனுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தான். தன் சட்டையைக் கழற்றி மடித்து அதன்மேல் போட்டான்.

“உக்காரு, ஐரீன்.”

“முதலாளி பாக்கறாரு.”

“பாக்கட்டும். அந்தத் தட்டை இப்படிக் குடு.”

“நடுவுல நீ எதுக்குடா வர்றே?” என்று முதலாளி கத்தினார்.

“இவ புருஷன்ங்க நான். சுவத்துல இருக்கறவனுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு இன்னிக்குத்தான் உறைச்சுது.”

ஐரீன் உட்கார்ந்தாள். தட்டை அவன் வாங்கி மேடைமேல் வைத்தான். காசிமிர் மண்டிபோட்டு அவள் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். பனியனோடு ஊர் நடுவே அப்படி இருப்பதில் அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஓட்டோ பலகையிலிருந்து இறங்கி வந்து, “நுரை அடங்கிடும்ப்பா” என்று தட்டிலிருந்த குவளையை எடுத்துக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஐரீனுக்கு வேலை போனது. அதில் முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. அன்று மாலை காசிமிர் உருளைக்கிழங்கை வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தான். “உப்பு இல்ல” என்றாள் ஐரீன். எழுந்திருக்கவில்லை. யார் போவது என்று தெரியாமல் தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மூத்தவன் போய் உப்பை எடுத்து வந்தான். இலையுதிர்காலத்தில் அவளுக்குத் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கேயே பதினேழு வருஷம் இருந்தாள். ராடாட்ஸ் விற்பனை கிறிஸ்துமஸுக்குள் பழைய அளவுக்கு ஏறியது. இறங்கியதற்கும் ஏறியதற்கும் யாரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை. முதலாளி இறந்ததும் அவர் பிள்ளைகள் ஆலையை வெளியூர்க்காரர்களுக்கு விற்றார்கள். அவர்கள் ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள். சுவரிலிருந்தவர்கள் காலையில் காபி குடித்தார்கள். இரண்டாவது நாற்காலி ஒன்று அவர்களுக்கு எப்படியோ கிடைத்திருந்தது.

1972இல் ஆலையை இடிக்க ஆட்கள் வந்தபோது, மேஸ்திரி தெற்குச் சுவருக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றி, “வியாழக்கிழமை இடிக்கிறோம், அதுக்குள்ள பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை சுவர் காலியாக இருந்தது. கம்பளம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் தெரிந்தது. அவர்கள் ஒன்பதாம் தெரு இரும்புச் சாமான் கடையின் பக்கவாட்டுச் சுவருக்குக் குடிபோயிருந்தார்கள். அது சின்னச் சுவர் என்பதால் சாமான்களை நெருக்கிப் போட்டிருந்தார்கள். கடைக்காரர் அங்கே சாய்த்து வைத்திருந்த ஏணிகளை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் காசிமிரும் ஐரீனும் அந்தப் பக்கமாக நடந்து போனார்கள். காசிமிர் நின்று, சுவரையும் வானத்தையும் பார்த்தான்.

“மேற்குப் பாத்த சுவரு. சாயங்காலம் வெயில் கண்ணுல அடிக்குமே இவங்களுக்கு” என்றான்.

“திரை தச்சுக்குவாங்க” என்றாள் ஐரீன்.

ஜூன் மாதம் தைத்துக்கொண்டார்கள். நீலத்துணி, வெள்ளைப் புள்ளி.