பத்தாம் நாள் தட்டு

1

இந்தக் கதை என் அக்காவின் கோபத்தில் பிறந்தது. அத்தானுக்கு வலது நுரையீரலில் பாதியை எடுத்தார்கள். பிறகு நெஞ்சுக்கூட்டில் சீழ் கோத்துக்கொண்டது. ஆறு வாரம் மருந்தை மாற்றி மாற்றி ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை.

"கதை எழுதுறவதானே நீ, இதை எழுதுடி. ஆனா அந்த டாக்டரை மட்டும் நல்லவரா ஆக்கிடாதே" என்றாள் அக்கா.

2

முதல் வரி: 'அன்று அந்த மருத்துவருக்குத் தூக்கமே வர–'

(வேண்டாம். அவர் நன்றாகத்தான் தூங்கினார்.)

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் செருகிய குழாயில் வடிந்த சீழை மூன்று முறை சோதனைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாம் நாள் 'கிருமி வளரவில்லை' என்று எழுதி, சீழைத் தடவிக் கிருமி வளர்க்க வைத்த தட்டைக் குப்பையில் போட்டார்கள். அத்தானுக்குள் இருந்தது பூஞ்சை. அது ஆற அமரத்தான் வளரும். பூஞ்சையைத் தேடச் சொல்லிச் சோதனைச் சீட்டில் ஒருவரும் எழுதவில்லை.

நான்காம் முறை விடுமுறைகள் சேர்ந்து வந்தன. தட்டை வீச மறந்துவிட்டார்கள். பத்தாம் நாள் திறந்தால் கரும்பச்சையாய்ப் பூத்திருந்தது.

[மறதியால் நோய் தெரிந்தது என்றால் வாசகர் நம்புவாரா? நம்பாவிட்டால் போகட்டும். எனக்கே வயிறு எரிகிறது.]

4

இங்கே மருத்துவரைத் தலைகுனிய வைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். உண்மையில் பேசியது இவ்வளவுதான்:

"இது அபூர்வமா வர்றதும்மா."

"சீட்டுல ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே சார்?" என்றாள் அக்கா.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இனி விலா எலும்பில் இரண்டு துண்டு எடுத்து, நெஞ்சில் ஒரு திறப்பு வைத்து, பூஞ்சை மருந்தில் நனைத்த துணியைத் தினமும் உள்ளே அடைக்க வேண்டும்.* மாதக்கணக்கில் மாத்திரையும் உண்டு.

* அடைக்கப்போவது அக்கா. கற்றுக்கொண்டுவிட்டாள்.

5

முடிவு ஒன்று: திறப்பு மெல்ல ஆறி, அத்தான் மாடிப்படி ஏறு–

முடிவு இரண்டு: எழுதமாட்டேன்.

ஏனென்றால் அறுவைக்கு முன் மருத்துவமனையிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. 'எல்லாம் முன்பே விளக்கப்பட்டது. சிகிச்சையில் குறை ஏதுமில்லை.' கையெழுத்து விழாமல் அத்தானை உள்ளே கொண்டுபோக மாட்டார்களாம். வேறு மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் நிலையில் அவர் இல்லை.

"போட்டா நான் பொய் சொல்றேன். போடலேன்னா இவர் போயிடுவார்" என்கிறாள் அக்கா. "என்னடி செய்யட்டும்?"

அத்தானுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. அக்கா பேனாவை என்னிடம் நீட்டுகிறாள்; நான் உங்களிடம் நீட்டுகிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். தள்ளுவண்டி வாசலில் நிற்கிறது.