காப்புக்குள்ள வந்த ஊசி நாள்

செவ்வாய்க்கிழமை ஊருக்குக் காப்புக் கட்டினாங்க. புதன்கிழமை மதியம் நான் என் மகனைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குக் கெளம்புனேன். அதுக்குத்தான் இம்புட்டுப் பேச்சு. நான் என்ன கொலையா பண்ணிப்புட்டேன்?

சிலமலைக்கு அங்கிட்டு இருக்கு எங்க ஊரு. அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா எட்டு நாளைக்கு ஊர்க்காரங்க எவரும் வெளியூர்ல ராத் தங்கக் கூடாது. தங்குனா சாமிக்குத்தம். என் மகன் காசிமாயனுக்கு இருபத்திரெண்டு வயசு. மதுரை ஆஸ்பத்திரியில மாசம் ஒரு ஊசி, அதோட ஒரு மாசத்துக்கு மாத்திரை. விடிய ஏழு மணிக்கே வரிசையில நிக்கணும், அதனால முந்தின நாளே போய்த் தங்கித்தான் ஆகணும். "நாள் தப்ப விடாதீங்கம்மா"ன்னு டாக்டரு சீட்டுல செவப்பு மையில தேதி போட்டுக் குடுத்திருக்காரு. சாமிக்கு எட்டு நாளு. என் பிள்ளைக்கு ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?

அவனுக்கு நோவு வந்தது நாலு வருசத்துக்கு முன்னால, எண்பதாம் வருசம். அவுக அப்பா செத்து மூணு வருசம் ஆகியிருந்துச்சு. மலையில ஏலக்காய் வாட்டுற ஸ்டோர்ல அடுப்புக்கு வெறகு தள்ளுற சோலி பார்த்தான். சுவத்துக்குள்ள மூணு பேரு பேசுறாங்க, என்னையக் கொல்லப் போறாங்கன்னு சொல்லிக்கிட்டு ஒத்தையடிப் பாதையில ஓடி எறங்கி வந்தான். காலெல்லாம் அட்டை கடிச்சு ரத்தம். நான் போடியில ஏலக்காய் மண்டியில காய் பொறுக்குறவ. சொத்தைக் காயைக் கண்ணால பாக்காமலே விரலால ஒதுக்கிப்புடுவேன். பெத்த பிள்ளைக்கு என்னன்னு சொல்லத் தெரியலை. உடுக்கடிச்சுக் குறி சொல்ற கோடாங்கிகிட்டப் போனோம், வேப்பங்கொழையால அடி வாங்கிக் குடுத்தோம், ஒரு வருசம் அப்பிடியே போச்சு. பெறகு மண்டிக் கணக்கப்பிள்ளை சொல்லித்தான் மதுரைக்குப் போனேன். ஊசி போட்டு மூணாம் மாசம், சோத்துல கை வச்சவன் "ஆத்தா, கொழம்புல உப்பு பத்தலை"ன்னான். அன்னைக்கு அடுப்படியில உக்காந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அப்பிடித் தேறுன பிள்ளையைப் போன வருசத் திருவிழா கெடுத்துச்சு. அப்பவும் ஊசி நாளு காப்புக்குள்ளதான் வந்துச்சு. என் கூடப் பொறந்த அண்ணன் மொக்கச்சாமிதான் ஊருக்குப் பெரியாம்பளை. "எட்டு நாள்ல என்னாத்தா ஆகிப்போகுது? சாமி பாத்துக்கும்"னான். நானும் மாடு மாதிரித் தலையாட்டுனேன்.

மாத்திரை தீந்துச்சு. பிள்ளைக்குத் தூக்கம் போச்சு. ஏழாம் நாள் காலையில கொட்டுச் சத்தம் காதைப் பொளக்குது, இவன் கோயில் முன்னால எந்திரிச்சு நின்னு ஆடிக்கிட்டே பேச ஆரம்பிச்சுட்டான். அந்தப் பழைய மூணு பேருகிட்டத்தான் பேசுறான். ஊரு என்ன சொல்லுது? சாமி எறங்கிருச்சாம்! மாலையப் போட்டாங்க. கால்ல மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. மழை எப்ப வரும், மக கல்யாணம் எப்பக் கூடும்னு வரிசையில நின்னு வாக்குக் கேட்டாங்க. எங்கண்ணன் முதல் ஆளா நெடுஞ்சாண்கிடையா விழுந்து, இந்தப் போகம் பருத்தி நல்லா வெடிக்குமான்னு கேட்டான்.

ஒரு மணி நேரம் இருக்கும். கூட்டம் நெருக்கவும் இவன் மெரண்டு போயி பூசாரியைப் பிடிச்சுத் தள்ளிட்டான். அம்புட்டுத்தான்! விழுந்து கும்பிட்ட அதே ஆளுக, பேயி புடிச்சிருக்குன்னு சொல்லி மாட்டுக் கயித்துல வேப்பமரத்தோட சேத்துக் கட்டுனாங்க. கழுத்துல கெடந்த மாலையைக் கூடக் கழட்டலை. ரெண்டு நாளு. நான் கதறுனேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கலை. மணிக்கட்டுல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. நல்லாருக்கே உங்க ஞாயம்! சாமின்னதும் நீங்க, பேயின்னதும் நீங்க. இவன் நோயாளிப் பிள்ளைன்னு சொல்ல ஒரு நாக்கு இல்லையாடா பாவிகளா?

அதனாலதான் இந்த வருசம் கெளம்பிட்டேன். பஸ் நிக்கிற எடத்துல எங்கண்ணன் நாலு பேரோட வந்து மறிச்சான்.

"எங்க போற?"

"ஊசிக்கு."

"காப்புக் கட்டியாச்சுல்ல? போயி ராத் தங்குனா, இனிமே உன் வீட்டு மொளைப்பாரி கோயில் வாசல்ல ஏறாது. பாத்துக்க."

"ஏறாட்டிப் போகட்டும்."

"சாமிக்குத்தமாகி மழை பேயாமப் போனா?"

"போன வருசம் நான் எங்கயும் போகலையேண்ணே. பேஞ்சுச்சா?"

அவன் என் பிள்ளை பக்கம் திரும்பி, "மாப்ளே, நீயாவது சொல்லப்பா"ன்னான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "மாப்ளையா? தாய்மாமன் சீரு செய்வான்னு பாத்தேன், நீ கயித்துக்கு முடிச்சுப் போட்ட. தள்ளி நில்லு"ன்னேன். காசிமாயன் ஆஸ்பத்திரிச் சீட்டை நெஞ்சோட வச்சுக்கிட்டு நின்னான். பஸ்சு வந்துச்சு, ஏறுனோம். ஒருத்தனும் கையப் பிடிச்சு எறக்கலை.

தேனி தாண்டுற வரைக்கும் எனக்கு வாய் ஓயலை. ஊரை ஏசுறேன், அண்ணனை ஏசுறேன், கோடாங்கியை ஏசுறேன். சன்னல் ஓரம் உக்காந்திருந்த பிள்ளை மெதுவாச் சொன்னான்.

"ஆத்தா, நீயுந்தான என் கால்ல விழுந்த."

ஊரையே ஏசுறேனே, அன்னைக்கு நான் எங்க நின்னேன்னு சொன்னேனா? அந்த வரிசையிலதான் நின்னேன். ஊரே கும்பிடுற பிள்ளையப் பெத்தவன்னு ஒரு நிமிசம் பெருமையாக் கூட இருந்துச்சு. என் முறை வந்ததும் விழுந்து, "தாயே, என் மகனுக்கு எப்ப சொகமாகும்?"னு அவன்கிட்டயே கேட்டேன். இதெல்லாம் அவனுக்கு நெனப்பு இருக்காதுன்னு நம்பிக்கிட்டிருந்தேன்.

"நெனப்பிருக்காய்யா ஒனக்கு?"

"இருக்கு. நாந்தான் ஆத்தா அங்க இருந்தேன், வேற யாருமில்லை. மாத்திரை கொண்டா ஆத்தான்னு உன்கிட்டச் சொன்னேன்."

அன்னைக்குச் சொன்னான்தான். எனக்கும் கேட்டுச்சு. சாமி எதுக்கு மாத்திரை கேக்குதுன்னு நெனச்சேன். நெனச்சுட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.