தாய் இஞ்சினின் பச்சை

1

டமார்!

இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான். பக்கத்து வீட்டுக்கார அம்மாள் டீ டம்ளர்களைத் தட்டோடு கீழே போட்டுவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். வாராவாரம் கதை கொடுக்க வேண்டியவனுக்கு அதைவிட உபயோகமான சுவர் கிடையாது. போட்டது யார் என்று உடனே தெரிந்துவிட்டது. ஏன் போட்டார் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாலை வெயில் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல அந்தத் தெருவில்...'

(வேண்டாம். பளபளப்பு ஜாஸ்தி. புதுப் பெயிண்ட் என்று தூரத்திலிருந்தே தெரிகிறது.)

2

பக்கத்து வீட்டுக்காரரை 'ஜட்ஜ்' என்பார்கள். கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. பழைய பொம்மை ரயில் சேகரிப்பவர்களின் சங்கத்தில், எது அசல், எது மறுபூச்சு என்று தீர்ப்புச் சொல்பவர்.

தீர்ப்புக்கு முறை உண்டு. தகர ரயில் செய்பவர்கள் பாகங்களுக்கு முதலிலேயே வண்ணம் பூசிவிட்டு, அப்புறம்தான் ஓரத்தில் நீட்டியிருக்கும் தகர நாக்குகளைத் துளைகளில் செருகி மடிப்பார்கள். அதனால் அசலில் மடிப்புக்கு மேல் பெயிண்ட் வெடித்திருக்கும். மடிப்பு மழமழவென்றிருந்தால், பின்னால் யாரோ பிரஷ்ஷோடு வந்துபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து ஊதா டார்ச். புதுப் பெயிண்ட் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். பழசு அசையாமல் கிடக்கும்.

கடைசியாக, தாய் இஞ்சின். ஜட்ஜின் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும் பச்சை இஞ்சினுக்குச் சங்கம் வைத்த பெயர் அது. அந்தப் பச்சையோடு ஒத்துப்போனால் அசல். இல்லாவிட்டால் மறுபூச்சு. தாயை மட்டும் யாரும் சோதித்ததில்லை. சோதிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை.

(ஓர் அடிக்குறிப்பு, மெதுவாகப் படியுங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். பச்சை ஒத்துப்போய்விட்டால் ஜட்ஜ் மற்ற சோதனைகளால் அவ்வளவாகப் படுத்தமாட்டார். அதனால் தோற்றுப்போன உறுப்பினர்கள் தங்கள் இஞ்சினுக்கு அதே பச்சையை அடித்துக்கொண்டு மறுபடி வருவார்கள். பாஸாகிவிடுவார்கள்.)

3

ஞாயிற்றுக்கிழமை ஜட்ஜின் மச்சான் வந்தார், மனைவியின் அண்ணன். கொண்டுவந்தது தன் அப்பா சின்ன வயதில் ஓட்டி விளையாடிய இஞ்சினை. சங்கத்தின் கண்காட்சியில் அப்பா பெயர் எழுதி வைக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் மறுபூச்சை அசல் என்று கொண்டுவருகிறவர் பெயரைச் சங்கத்துப் பலகையில் 'ஏமாற்றுப் பேர்வழி' என்று எழுதி ஒட்டுவது வழக்கம்.

முதல் வரைவில் இந்த மச்சானைத் தில்லுமுல்லுக்காரராக எழுதினேன். தொடர்கதைக்காரனுக்கு மச்சான் என்றாலே கை தானாக வில்லன் பக்கம் போகும். ஆனால் இவர் அப்பாவைப் பற்றிப் பேசியபோது குரல் தழுதழுத்தது. அந்த வரைவை அடித்துவிட்டேன்.

ஜட்ஜ் பூதக்கண்ணாடியை எடுத்தார். (என் காதில் விழுந்த பேச்சு அசல். இனி அவர் மனசுக்குள் நடப்பதெல்லாம் என் பூச்சு.)

"மடிப்பு வெடிச்சிருக்கு. சரி. டார்ச்சுக்கு மினுங்கல. அதுவும் சரி."

அலமாரியைத் திறந்து, தாயை ஏந்திவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தார். ஜன்னல் கம்பிகளும் பச்சை. (தேவையில்லாத விவரம். ஆசிரியர் வெட்டச் சொல்வார். வெட்டமாட்டேன்.) ஜட்ஜ் தனக்குள் கேட்டுக்கொண்டார். மச்சானுக்காகத் தராசைச் சாய்த்தால் தானும் ஒரு ஜட்ஜா?

"மச்சான், சொல்லவே கஷ்டமா இருக்கு. பச்சை ஒத்துப்போகல. இது மறுபூச்சு."

"என்ன மாப்பிள்ளை விளையாடுறீங்களா? இப்பதானே எல்லாம் சரின்னீங்க!"

"அதான் சந்தேகமே. இவ்வளவு சரியா இருக்குன்னா, செஞ்சவன் கைதேர்ந்த ஆளு."

"அப்ப எங்கப்பா பித்தலாட்டக்காரரா?"

"அவரை நான் எதுவும் சொல்லல. பச்சையைச் சொல்றேன். தாயோட பச்சையை ஆயிரம் பச்சைக்கு நடுவுல வெச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"ஓஹோ! அந்த டார்ச்சை உங்க தாய் மேலயும் ஒரு தடவை அடிங்க மாப்பிள்ளை, பார்ப்போம்."

டமார்!

4

தட்டு விழுந்துவிட்டது. இனி முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: தாய் மினுங்கவில்லை. மச்சான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு இரண்டு: ஜட்ஜ் மனம் திருந்தி மச்சானைக் கட்டிக்கொள்கிறார். (நீங்கள் நம்பமாட்டீர்கள். அவரைத் தெரிந்த நான் சத்தியமாக நம்பமாட்டேன்.)

முடிவு மூன்று: ஜட்ஜ் டார்ச்சைத் தாயின் பக்கம் திருப்பினார். "எங்க தாய்க்கு என்ன பயம்?" என்றார். சொன்னாரே தவிர, கட்டைவிரல் பொத்தான்மேல் வைத்தது வைத்தபடி நின்றது. அழுத்தினால்

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்தக் கட்டைவிரலை உங்களிடமே ஒப்படைக்கிறேன். அழுத்துவதும் எடுப்பதும் உங்கள் இஷ்டம். அதற்குமுன் ஒன்று. சமையலறையிலிருந்து அந்த அம்மாள் வந்து நின்றார். ஒரு பக்கம் புருஷனின் பட்டம், இன்னொரு பக்கம் அப்பாவின் பெயர். அவர் பேசியதைச் சுவர் வழியே கேட்டபடி, ஒரு கோட் பெயிண்ட்கூட அடிக்காமல் தருகிறேன்:

"டார்ச் வேணாங்க... கல்யாணமான புதுசுல நீங்க ஊர்ல இல்லாதப்ப, தூசி தட்டுறேன்னு அதைக் கீழ போட்டுட்டேன். பெயிண்ட் உதிர்ந்துடுச்சு. ஜன்னலுக்கு அடிச்சது போக மிச்சமிருந்த பெயிண்டைத்தான் அதுக்கும் அடிச்சு வெச்சேன்."