மழுப்பல்

செல்லப்பாண்டி மயங்கி விழுந்துவிட்டார் என்று காலையில் போன் வந்தது. வாஷியில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போயிருந்தார். மனைவி சொர்ணம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு தாராவியிலிருந்து கிளம்பி, குர்லாவில் வண்டி மாறினாள். மகள் மாரீஸ்வரி பள்ளியில் படித்ததெல்லாம் இந்தி. தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. அம்மாவுக்கு இந்தி, மீன்காரியிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான்.

ரயிலிலிருந்தே மாரீஸ்வரி அப்பாவின் சூப்பர்வைசர் கிருஷ்ணாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பாவுக்கு முழிப்பு வந்துச்சான்னு கேளுட்டி."

கேட்டாள். "நீங்க வாங்க, நாங்க இருக்கோம்ங்கான்."

"பேசுதாவளான்னு கேளு."

"நல்ல ஆஸ்பத்திரியாம்மா. டென்சன் ஆகாதீங்கன்னு சொல்லுதான்."

மான்குர்தின் தகரக் கூரைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. "மழுப்புதான்" என்றாள் சொர்ணம்மாள்.

"அப்படின்னா?"

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லாம வேற என்னத்தையாவது சொல்லுதது. பொய்யும் கெடையாது, நெசமும் கெடையாது."

மாரீஸ்வரி அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். இந்தியில் 'டால்னா' என்பார்கள். ஆனால் இது அதைவிட வழுக்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் கிருஷ்ணா நின்றிருந்தான். அம்மாவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மகளை மட்டும் உள்ளே கூட்டிப்போனான். டாக்டர் சின்ன வயதுப் பெண். அவள் மழுப்பவில்லை. தொட்டியில் விஷவாயு, முகமூடி போட்டிருக்கவில்லை, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று இந்தியில் நேராகச் சொன்னாள்.

மாரீஸ்வரி கிருஷ்ணாவின் பக்கம் திரும்பி, முகமூடிகூட இல்லாமல் அப்பாவை உள்ளே இறக்கியது யார் என்று இந்தியில் கேட்டாள். "முதலில் அம்மாவைப் பார்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே.

வெளியே வந்தாள். சொர்ணம்மாள் எழுந்து நின்றாள்.

"என்னட்டி சொன்னாவ?"

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. இந்தியில் கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதுவும் அம்மாவின் முகத்தைப் பார்த்து.

"பெரிய டாக்டர் வரணுமாம்மா" என்றாள் மாரீஸ்வரி. "நீ காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல. டீ வாங்கியாரட்டா?"

சொர்ணம்மாள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையைத் திறந்து, செல்லப்பாண்டியின் மடித்த கைலியையும் சட்டையையும் வெளியே எடுத்தாள்.

"இத உள்ள குடு. மொதல்ல குளிப்பாட்டிவிடச் சொல்லு. நாத்தத்தோட வீட்டுக்குள்ள வந்ததே கெடையாது அவிய."

மாரீஸ்வரி இரண்டு கைகளையும் நீட்டினாள். சட்டையின் ஒரு முனையை அம்மா இன்னும் விடவில்லை.