பிரிகுத் தடுத்த முழுக்கு

எங்கள் ஊரில் நன்றி என்ற சொல் ஒரு கட்சிக்கு உரியது. எதிர்ப்படுகிறவன் "கடவுளுக்குப் புகழ்" என்றால் அவன் அவர்கள் ஆள். "கடவுளுக்கு நன்றி" என்றால் எங்கள் ஆள். ஒரே கிறிஸ்து, ஒரே மறைநூல், ஊர்ப்புறத்தில் ஒரே மறைசாட்சியின் கல்லறை. வாழ்த்து மட்டும் இரண்டு. அந்த இரண்டு வாழ்த்துகளுக்கு நடுவே வட ஆப்பிரிக்காவின் நுமிதியா மேட்டுநிலத்தில் உடைந்த மண்டைகளுக்குக் கணக்கில்லை.

எங்கள் பாட்டன்மார் காலத்தில் ரோமப் பேரரசின் வீரர்கள் வந்து மறைநூல்களைக் கேட்டபோது, குருக்களில் சிலர் அஞ்சி ஒப்படைத்துவிட்டார்கள். ஏடு கொடுத்த கை கறைபட்ட கை. அந்தக் கைவழி வந்த ஞானஸ்நான முழுக்கு முழுக்கே அன்று, தங்களிடம் வருகிறவன் மறுபடியும் முங்கியாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. முழுக்கு கிறிஸ்துவுடையது, தண்ணீர் ஊற்றியவனுடையது அன்று. ஒருமுறை பெற்றது பெற்றதே என்பது எங்கள் கொள்கை.

கொள்கையோடு நின்றிருந்தால் வாதாடிக் களைத்திருப்போம். ஆனால் அரசு நடுவே வந்தது. நான் தாடி முளைக்காத வயதில் பேரரசரின் தூதர்கள் காசுப் பைகளோடு வந்தார்கள். வாங்கிக்கொண்டு எங்கள் பீடத்தோடு ஒன்றாகுங்கள் என்றார்கள். வாங்க மறுத்தவர்களைத் தடியால் அடித்தார்கள். அடுத்த வீட்டு இத்திபால் மறுத்தான். தன் வாசலிலேயே செத்தான். எங்கள் ஆயர் அன்று வீரர்களுக்குப் பின்னால் நின்றார். இத்திபாலின் மனைவி பிரிகுத் அதைக் கண்ணால் கண்டவள்.

இப்போது வேறு பேரரசர். நாடுகடத்தப்பட்டிருந்த அவர்களுடைய ஆயர் திரும்பி வந்தார், கோவிலை மீட்டுக்கொண்டார், நாங்கள் வைக்கோல் கொட்டகைக்குப் போனோம். அறுவடை முடிந்த கையோடு, நன்றிக்காரர்களுக்கு யாரும் ரொட்டி சுடக்கூடாது என்று ஆணையிட்டார். எங்கள் வீடுகளில் கூழுக்கு ஒரு சிற்றடுப்புண்டு. ரொட்டி சுடும் உலை இருப்பது உலைக்காரன் பாரிக்கின் கடையில் மட்டும்தான். கூழைக் குடித்துவிட்டு ஆலிவ் ஆலைக் கல்லை நண்பகல்வரை தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் ரொட்டியின் அருமை தெரியும். என் இரு பிள்ளைகளும் இரவில் அழுதார்கள். இரண்டாம் முழுக்குக்குப் போய்விட்டால் அழுகை நின்றுவிடும் என்பதையும் ஊர் எங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு விடியலில் பிரிகுத் எங்கள் கதவைத் தட்டினாள்.

"ஏய் ஏடுகொடுத்தான். ராத்திரி பூரா உன் புள்ளைங்க கத்துது. மனுஷி தூங்க வேண்டாமா? மாவைப் பிசைஞ்சு கொடுக்கச் சொல்லு உன் பொண்டாட்டிய."

என் மனைவி அரிஷாத் விழித்தாள். "எதுக்குக்கா?"

"தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கத்தான். கேக்கறா பாரு கேள்வி."

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மரமுத்திரை. சுடக் கொடுக்கும் மாவில் அதை அழுத்துவோம். அவரவர் ரொட்டி அவரவருக்குத் திரும்பும். எங்கள் மாவில் அவள் தன் பேரீச்சமர முத்திரையை அழுத்தி எடுத்துப் போனாள். உலைக்காரன் பாரிக் கேட்டானாம்: "ஒண்டிக்கட்டைக்கு இத்தனை ரொட்டியா அக்கா?" அவள் சொன்னாளாம்: "எனக்கு வயிறு பெருசு, உனக்கு வாய் மாதிரி."

பிரிகுத்தின் வாசலில் ரொட்டியை வாங்கிக்கொண்டதும் அரிஷாத் நன்றி சொல்ல வாய் திறந்தாள். பிரிகுத் கையை ஓங்கிவிட்டாள்.

"அந்த வார்த்தைய என் வாசல்ல சொல்லாத. தெருவுல காது இருக்கு. அதோட, எனக்கு அது புடிக்காது. உங்க ஆயர் அந்த வார்த்தையச் சொல்லிக்கிட்டேதான் என் புருஷன் பொணத்தத் தாண்டிப் போனாரு."

குளிர்காலம் முழுவதும் இப்படி நடந்தது. காலையில் எங்களை ஏசுவாள். பிறகு சுடச்சுட ரொட்டி தருவாள். ஊட்டுகிற கையையும் ஏசுகிற வாயையும் ஒரே உடம்பில் சுமந்த பெண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சொல்ல முடியாத நன்றி அரிஷாத்தின் நெஞ்சில் கனத்தது. ஞாயிறுதோறும் பீடத்துக்கு வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுபோவது எங்கள் வழக்கம். வந்த ரொட்டிகளில் மிக அழகாய் உப்பியிருந்த ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். "அக்காகிட்ட சொல்ல முடியல. கடவுள்கிட்டயாவது சொல்லிடறேன்" என்றாள். விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்த வணிகன் எங்கள் பீடத்தின்மீது பேரீச்சமர முத்திரையைப் பார்த்தான். நண்பகலுக்குள் ஊரே பார்த்தாகிவிட்டது.

அவர்களுடைய ஆயர் பிரிகுத்தை வரும் சனியன்று சபைமுன் நிற்க ஆணையிட்டார். குற்றம் உறுதியானால் சபையிலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவளுக்கு மறைசாட்சியின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. அங்கேதான் இத்திபால் கிடக்கிறான்; அவன் பக்கத்தில் தனக்கென்று ஒரு கல்லை அவள் நட்டு வைத்திருந்தாள்.

அரிஷாத் இரவெல்லாம் அழுதாள். நான் ஒரு வழி கண்டேன். பிரிகுத் எங்களுக்கு ரொட்டி கொடுத்தது எங்களை அந்தப் பக்கம் இழுப்பதற்காகத்தான் என்று சொல்லிவிட்டால்? இழுத்துவிட்டாள் என்பதற்குச் சான்றாக நானே போய் நின்றுவிட்டால்? அப்போது அது குற்றமன்று, தொண்டு.

"அப்ப நம்ம முழுக்கு?" என்றாள் அரிஷாத்.

"பொய்னு ஆயிடும்."

"உனக்குப் பொய்யா?"

நான் விளக்கை ஊதி அணைத்தேன்.

சனியன்று ஆயரின் காலில் விழுந்தேன். "பிரிகுத் அக்கா ஊட்டித்தான் எனக்குப் புத்தி வந்துச்சு சாமி. முங்க வந்திருக்கேன்" என்றேன். நாடுகடத்தலில் முதுகு வளைந்து போன மனிதரின் முகம் மலர்ந்தது. ஆடையைக் களைந்து அரைத்துணியோடு முழுக்குத் தொட்டிக்குள் இறங்கினேன். குளிர்காலத்துத் தண்ணீர் முழங்காலைக் கடித்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பிரிகுத் வந்தாள்.

"டேய் மிக்கின், வெளிய வாடா."

"அக்கா, நீ பேசாம இரு."

"நான் பேசாம இருந்த நாள் உண்டா? சாமி, இவன் பொய் சொல்றான். இவனை இழுக்கறதுக்கு நான் ஒரு ரொட்டியும் சுடல. புள்ளைங்க அழுதுச்சு, சுட்டேன். அவ்வளவுதான்."

கூட்டத்தில் ஒருவன், "வந்த ஆட்ட ஏன் வெரட்டற?" என்றான்.

"ஆடா இவன்? பட்டினி போட்டுப் புடிச்சா அதுக்குப் பேரு ஆடு இல்ல, கண்ணியில மாட்டுன முயலு."

ஆயர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மகளே, யோசிச்சுப் பேசு. இவனை இப்படியே அனுப்பினா, ஏடு கொடுத்தவங்க முழுக்கு செல்லும்னு நீ சொல்ற மாதிரி ஆகும்."

"செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியாது சாமி. செல்லாதுன்னுதான் இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கேன். ஆனா இவன் செல்லும்னு நம்பறான். மனசுல அதை வச்சுக்கிட்டு இந்தத் தண்ணியில முங்கினா அது முழுக்கா, குளியலா?" அவள் குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அன்னிக்கு அரண்மனைக்காரன் காசக் காட்டிக் கூப்பிட்டான். என் புருஷன் வேண்டாம்னான், செத்தான். நீங்களும் வேண்டாம்னுதான் கடல் தாண்டிப் போனீங்க. இன்னிக்கு நாம ரொட்டியக் காட்டிக் கூப்பிடறோம். அவனுக்கும் நமக்கும் என்ன சாமி வித்தியாசம்? தடி மட்டும்தானா?"

தண்ணீருக்குள் நான் நடுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஆயர் குனிந்து தன் கைத்தடியைப் பார்த்தார். பிறகு தன் மேலாடையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "போர்த்திக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

பிரிகுத் பக்கம் திரும்பினார். "நீ என் ஆணைய மீறின. அது குத்தம். நீக்க மாட்டேன், ஆனா தவம் உண்டு. பாஸ்கா பண்டிகை வரைக்கும் கோவில் வாசல்ல நில்லு. நோன்பு இரு. ஏழைக்குத் தர்மம் பண்ணு."

"சரி சாமி" என்றாள் அவள்.

செய்தி கேட்ட எங்கள் குரு கொட்டகையில் துள்ளினார். அவர்கள் மறைசாட்சியாய்க் கொண்டாடும் இத்திபாலின் மனைவியே நம் கொள்கையை ஒப்புக்கொண்டாள் என்று ஞாயிறன்று முழங்கப்போவதாகச் சொன்னார். "அவ எதையும் ஒப்புக்கல சாமி. அவ கட்சி அவளுக்கு. நீங்க முழங்கினா நான் எழுந்து இல்லன்னு சொல்வேன்" என்றேன். அவர் முழங்கவில்லை, சில வாரங்கள் என்னோடு பேசவும் இல்லை.

விசாரணைக்கு மறுநாள் விடிந்ததும் கதவு தட்டப்பட்டது.

"ஏய் ஏடுகொடுத்தான். மாவு எங்க?"

"அக்கா, வேண்டாம். இருக்கற கூழு போதும், இன்னொரு தடவை உன்னை..."

"ஆயர் என்னா சொன்னாரு? ஏழைக்குத் தர்மம் பண்ணுன்னாரு. இந்தத் தெருவுல உங்கள விடக் கேடுகெட்ட ஏழை யாரு இருக்கா? காட்டு, அவங்களுக்குப் போடறேன்."

இம்முறை அவள் மறைத்து எடுத்துப் போகவில்லை. அரிஷாத்தும் நானும் உடன் நடந்தோம். தெரு முழுவதும் பார்த்தது. பாரிக் உலைவாயிலில் நின்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரு மாவு அக்கா இது?"

"என் தவம். ஆயர் போட்டது. சுட மாட்டேன்னா அவர்கிட்ட போய்ச் சொல்லு, அவரு விதிச்ச தவத்த நீ தடுத்தேன்னு."

பாரிக் சிறிது நேரம் தாடியைச் சொறிந்தான். "உன்கிட்ட மாட்டினா ஆயரே தப்ப முடியாது. வை" என்றான். நீண்ட துடுப்பில் எங்கள் மாவை ஏற்றி உலைக்குள் தள்ளினான். அன்று மாலைக்குள், தவம் செய்ய வேண்டியவர்கள் அவர்கள் கட்சியில், எங்கள் தெருவிலேயே இன்னும் சிலர் இருப்பது தெரிந்தது. மறுநாள் எங்கள் கட்சியின் வேறு வீடுகளிலும் ரொட்டி மணந்தது.

ஏழைக்குத் தர்மம் என்று அந்த ஆயர் அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவருடைய மேலாடையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "குளிர் இன்னும் போகல, வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். பாஸ்கா வரை அந்தக் கோவிலின் வாசலில், மழையிலும் வாடையிலும், பிரிகுத் நேராக நின்றாள். கொட்டகைக்குப் போகும் வழியில் நாங்கள் அவளைக் கடப்போம். பிள்ளைகள் கையசைப்பார்கள். "வழியப் பாத்து நடங்க, விழுந்து தொலையாதீங்க" என்று அவள் அதட்டுவாள்.